நலம் விசாரிக்கச் சென்ற வீட்டில்: ஓர் இளம் காவல் அலுவலருக்குக் கடிதம்

செங்கல்பட்டு

அன்புள்ள மகளுக்கு,

பயிற்சியை முடித்து, மாமல்லபுரக் கடற்கரையை ஒட்டிய காவல் நிலையம் ஒன்றில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்று, அதனோடு குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்ற பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கியிருக்கும் உனக்கு, இந்த ஜில்லாவில் நெடுங்காலம் நன்னடத்தை அலுவலனாக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையினால் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தில் நீ கேட்டிருந்தது ஒரே கேள்விதான். பள்ளிக்குப் பல நாளாக வராத பிள்ளையைப் பற்றி ஓர் ஆசிரியை வந்து சொன்னாலும் சரி, அழுகுரல் பொறுக்காமல் அடுத்த வீட்டார் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னாலும் சரி, பிள்ளை சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சென்ற இடத்தில், தாயோ தந்தையோ போதைப்பொருள் உபயோகிக்கிறவராக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்துவிட்டால், அதன்பின் நான் எதை முதலாகவும் எதைப் பின்னாகவும் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவை யாவும் அதன் விரிவே. எந்த நோக்கத்தோடு ஒரு வீட்டின் வாசற்படியில் ஏறினாயோ, அந்த நோக்கம் உள்ளே கால் வைத்தபின் மாறிவிடலாகாது. குழந்தையின் க்ஷேமத்தை அறியச் சென்றவள், பரண்மேல் ஒரு பொட்டலத்தைக் கண்ட மாத்திரத்தில் குற்றவாளியைப் பிடிக்கச் சென்றவளாக உருமாறிவிட்டால், அந்த விநாடி முதல் அவ்வீட்டில் குழந்தைக்கென்று வந்தவர் ஒருவரும் இல்லாமற் போகிறார். பொட்டலத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்திடம் ஆட்கள் அநேகர் உண்டு. மூலையில் நிற்கிற அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பதற்கு அந்த வேளையில் உன்னையன்றி வேறு யாரும் கிடையாது.

உன் பதவிக்கு ஒரு பூர்வ சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி இந்தச் செங்கல்பட்டிலேயே நடந்தது என்பதை நீ அறிந்திருப்பது நல்லது. 1887-இல் இவ்வூரில் ஏற்பட்ட சீர்திருத்தப் பள்ளி, இந்நாட்டில் சிறாருக்கென்று தோன்றிய பழைய ஸ்தாபனங்களுள் ஒன்று. 1920-இல் சென்னை மாகாணம் இயற்றிய குழந்தைகள் சட்டமே இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. பிள்ளை தவறினாலும், பெற்றவர் தவறினாலும், பிள்ளையைப் பிரித்தெடுத்து மதிலுக்குள் வைத்துத் திருத்துவதே உபாயம் என்பது அக்காலத்து நம்பிக்கை; நல்லெண்ணத்தோடு பிறந்த நம்பிக்கைதான் என்பதையும் மறுக்க மாட்டேன். இப்போது உன் கையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ அந்த வரிசையைத் தலைகீழாக்கி, குழந்தையைப் பேணும் முதற் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கொள்ளத்தக்க கடைசி ஏற்பாடு என்றும் தன் மூலக் கொள்கைகளிலேயே எழுதிவைத்தது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஓர் அலுவலரேனும் குழந்தைகளின் பொருட்டு நியமிக்கப்பட வேண்டும் என்று அதன் 107-ஆம் பிரிவு விதிப்பதும் இந்த மாறுதலை நிலையத்தின் வாசலுக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

நீ பணியாற்றும் கரையோரத்தைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகளில் வருவனவெல்லாம் பெரிய செய்திகள். 2022 ஜூன் மாதத்தில் கொக்கிலமேட்டுக் கரையில் ஒதுங்கிய பீப்பாய் ஒன்றைத் திறந்தபோது, சீனத் தேயிலை என்று அச்சிட்ட உறைகளுக்குள் மெத்தாம்பெட்டமின் என்னும் போதைப்பொருள் இருந்தது ஊரெல்லாம் பேசப்பட்டது. 2024 ஆகஸ்டு இறுதியில் பொத்தேரியில் மாணவர் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெரும்படையாகக் காவலர் சோதனையிட்டதும் அவ்வாறே. ஆனால் நீ நலம் விசாரிக்கச் செல்லும் வீட்டில் காணப்போவது இவற்றின் சாயலில் இராது. கசங்கிய மாத்திரை அட்டை, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட வலி நிவாரணியின் மிச்சம், பீடிக்கட்டோடு ஒளித்த கஞ்சாப் பொட்டலம் ஆகியவைதாம் கண்ணில் படும். பெரும்பாலான வீடுகளில் இவை ஒன்றும் இன்றி, அரசாங்கமே 2003 முதல் சில்லறையில் விற்றுவரும் சாராயப் புட்டியே இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு இவை வெவ்வேறு. பசியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இவற்றுள் பேதமில்லை. கஞ்சாவைக் கண்டு பதைத்து, புட்டியைக் கண்டு ‘இது வழக்கந்தானே’ என்று திரும்பிவிடுகிற மனப்பழக்கம் நம் உத்தியோகஸ்தர்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களுள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்று கண்டது. எஞ்சிய 37 பேரும் எந்த மருத்துவர் கண்ணிலும் படாமல் தம் வீடுகளில் இருக்கிறார்கள். அவ்வீடுகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இனி, உள்ளே நுழைந்தபின் முதலில் கவனிக்க வேண்டியது உயிர். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் மாவட்டத்திலேயே காரணம் உண்டு. 2023 மே மாதத்தில் மரக்காணத்துக் கடலோரத்திலும், நம் சித்தாமூர்ப் பக்கத்துப் பெருங்கரணை, பேரம்பாக்கம் கிராமங்களிலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் 20-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நம் பக்கத்தில் நேர்ந்த முதல் மரணங்கள், ஒரு குடும்பத்தில் விளைந்த பூசலின் முடிவு என்றே ஆரம்பத்தில் எண்ணப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஒரே வீட்டில் இருவர் விழுந்து கிடந்தால் மனிதர் மனத்துக்கு முதலில் எட்டும் விளக்கம் அதுவே என்பதில் வியப்பில்லை. மெத்தனாலின் கொடுமை யாதெனில், அது உடனே கொல்வதில்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை குடித்தவர் வெறும் போதையில் கிடப்பவர் போலவே காணப்படுவார். வயிற்று வலி, கண் மங்கல், மூச்சிரைப்பு என்று அறிகுறிகள் வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். வலி நிவாரணி ஊசியோ ஹெராயினோ அளவு மீறியவருக்கு வேறு விதம்: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு நிதானித்துக்கொண்டே போய் உதடு நீலம் பாரிக்கும். சர்க்கரை குறைந்து மயங்கியவரும், வலிப்பு வந்து ஓய்ந்தவரும், பக்கவாதம் தாக்கியவரும் குடித்தவரைப் போலவே குழறுவார்கள். ஆகவே, ‘போதையில் கிடக்கிறார், தெளியட்டும்’ என்ற வாக்கியம் உன் வாயிலிருந்து ஒருநாளும் வரலாகாது. தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காதவரை ஒருக்களித்துக் கிடத்து; 108 ஆம்புலன்சை அழை; என்ன உட்கொண்டார், எப்போது உட்கொண்டார் என்று வீட்டாரிடம் கேட்டு அதை மருத்துவரிடம் சொல். வழக்குக்காகக் கேட்கிறேன் என்று அவர்கள் எண்ணிவிட்டால் உண்மை வராது. ஆதலால் எதற்காகக் கேட்கிறாய் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேள்.

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 2024 ஜூனில் நடந்ததையும் இங்கே நினைக்கிறேன். விஷச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் இறந்த அந்தத் துயரத்தின் பிறகு, தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் அளிப்பதாக அரசு அறிவித்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆயினும் அந்தத் தெருவில் அக்குழந்தைகள் அதற்கு முந்தைய ஆண்டிலும் இருந்தார்கள் என்பதை என் மனம் விடாமல் எண்ணுகிறது. பெற்றவர் மாண்டால் உலகத்தின் கண்ணுக்குத் தெரிகிற பிள்ளை, பெற்றவர் உயிரோடு கிடந்து வீடு நாளுக்கு நாள் அழியும்போது ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. நலம் விசாரிக்க நீ போகும் அந்த ஒரு பயணம், அப்படிப்பட்ட பிள்ளையை மரணத்துக்கு முன்பே அரசாங்கம் காணக் கிடைத்த சந்தர்ப்பம். பிரிட்டனில் 2003-இல் ‘மறைந்திருக்கும் தீங்கு’ என்ற பெயரில் வெளியான அறிக்கை, அந்நாட்டில் போதைப்பொருளால் கடுமையாகச் சீரழிந்த பெற்றோரின் பிள்ளைகள் 2,50,000 முதல் 3,50,000 வரை இருப்பார்கள் என்று கணித்தது. உபயோகிப்பவர் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு குழந்தை. பெற்றவருக்குத் தக்க சிகிச்சை கிடைத்தால் அதன் பெரும் பயன் பிள்ளைக்கே சேரும் என்பதும் அவ்வறிக்கையின் முடிபுகளுள் ஒன்று. நம் நாட்டில் அப்படியொரு கணக்கை எடுக்கத் துணிவு வர வேண்டும்.

அடுத்தது ஐயம் என்பதைப் பற்றி. ஐயம் ஐயமாகவே இருக்கட்டும். அதை நிச்சயமாக்கும் அதிகாரம் உன் கண்ணுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்தக் கரையில் பிழைக்கும் மக்களின் ஜீவன முறையை அறியாத ஒருவருக்கு ஐயங்கொள்ளக் காரணங்கள் எத்தனையோ அகப்படும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் நாளெல்லாம் கருங்கல்லைக் குடைந்து வீடு திரும்பும் சிற்பியின் கண் சிவந்திருக்கும், இருமல் ஓயாது, இயந்திர உளியின் அதிர்வு ஏறிய கை நடுங்கும். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் வியாதி அவரை நாற்பது வயதில் கிழவராக்கியிருக்கும். விடியலுக்கு வெகு முன்பே கட்டுமரமோ ஃபைபர் படகோ தள்ளிக் கடலுக்குப் போய்வந்த தேவனேரிக் குப்பத்து மீனவர், பட்டப்பகலில் எழுப்ப எழுப்ப எழாமல் உறங்குவார். வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்துண்ணும் தாய் மந்தமாகப் பதில் சொல்வாள். காசநோய்க்கு மருந்துண்பவர் மெலிந்து, மூலையில் மாத்திரை அட்டைகளோடு கிடப்பார். முன்முடிவோடு நுழைந்த கண்ணுக்கு இவர்கள் எல்லாரும் ஒரே ஜாதியாகத் தோன்றுவார்கள். எனவே கண்டதைக் கண்டபடி எழுது. ‘பேச்சு குழறியது, அறையில் இன்ன நெடி இருந்தது, இன்ன நிறத்தில் இத்தனை மாத்திரைகள், அட்டையில் இன்ன பெயர்’ என்பது சாட்சி. ‘போதைக்கு அடிமையான தாய்’ என்பது தீர்ப்பு. அத்தீர்ப்பைச் சொல்வது மருத்துவருக்கும், அதன் விளைவை நிர்ணயிப்பது குழந்தைகள் நலக் குழுவுக்கும் உரியது. பெற்றோர் பேணத் தகுதியற்றவர் என்பதைக் அக்குழுவோ இளைஞர் நீதி வாரியமோதான் முடிவு செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே கூறுவதை நீ படித்திருப்பாய்.

தாய் என்று எழுதியபோது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. தகப்பன் குடித்தால் ‘குடிகாரன்’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிற ஊர், தாய் ஒருத்தி அந்நிலையில் இருந்தால் அவள் நடத்தை முழுவதையும் சந்தியில் வைத்துப் பேசும். காவல் நிலையத்துக்குள்ளும் அந்தப் பேச்சு நுழைந்துவிடுகிறது. அதனால்தான் பெண்கள் கடைசிவரை மறைக்கிறார்கள், சிகிச்சைக்கும் வருவதில்லை. அவளிடம் நீ கேட்கும் முதல் கேள்வி அவள் உடம்பைப் பற்றியதாக இருக்கட்டும். எப்போது சாப்பிட்டாய், எத்தனை நாளாக உறக்கமில்லை, உன்னை யாராவது அடிக்கிறார்களா என்று கேள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் விடையே மற்ற யாவற்றையும் விளக்கிவிடுகிற வீடுகள் அநேகம்.

சோதனையிடும் ஆசையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நலம் விசாரிக்க வந்தவளுக்கு ஒருவர் கதவைத் திறந்தார் என்றால், டப்பாக்களைக் கவிழ்க்கவும் பெட்டியைக் கிளறவும் அவர் சம்மதித்தார் என்று அதற்கு அர்த்தமாகாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சோதனைக்கு முறை வகுத்திருக்கிறது: கிடைத்த தகவலையும் காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும், அந்தி சாய்ந்து விடியும்வரை வாரண்டு இன்றி வீடு புகுவதற்குத் தனியே காரணம் காட்ட வேண்டும், உடலைச் சோதிப்பதாயின் கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் அது நடக்கக் கோரலாம் என்ற உரிமையை அவருக்குச் சொல்ல வேண்டும், பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். வெளிப்படையாகக் கண்ணெதிரே போதைப்பொருள் கிடந்தால் நீ கண்ணை மூடிக்கொள் என்று நான் சொல்லவில்லை. மேலதிகாரிக்குத் தெரிவித்து முறைப்படி செய்ய வேண்டியது உன் கடமை. ஆனால் அது தொடங்குமுன் பிள்ளையை அவ்விடத்தினின்றும் அகற்றி, அதற்குத் தெரிந்த ஒரு பெண்ணின் மடியில் அமர்த்திவிட வேண்டும். தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதைக் கண்ட பிள்ளை அதைக் கிழவயது மட்டும் மறப்பதில்லை. மேலும், அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சொற்ப அளவோடு பிடிபட்டவரோ உபயோகித்த குற்றத்துக்கு ஆளானவரோ தாமே விரும்பி அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு உட்பட்டால் வழக்கினின்றும் விலக்குப் பெறலாம் என்று கதவொன்றைத் திறந்து வைத்திருக்கிறது. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்பவர் அரிது. வக்கீல் வைக்கும் சக்தியில்லாதவருக்கு அதைச் சொல்லவேண்டியவள் நீ.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதில் நான் சற்று அதிகமாகத் தங்குவேன். ஏனெனில் உன் வேலையின் கடினமான பாகம் அதுவே. இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை தன் வயதுக்கு மேற்பட்ட சாமர்த்தியம் உடையதாயிருக்கும். எட்டு வயதில் கஞ்சி வைக்கும். தம்பிக்குத் தலை வாரிவிடும். பணத்தை எங்கே ஒளித்தால் அப்பா எடுக்க மாட்டார் என்று அறியும். வந்தவர் யாராயினும் ‘அப்பாவுக்குக் காய்ச்சல், தூங்குகிறார்’ என்று திடமாகச் சொல்லும். அந்தப் பொய்யைப் பொய் என்று பிடிக்காதே. வீட்டைத் தாங்கி நிறுத்த அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. உன்னிடம் உண்மை சொன்னதன் பலனாகத் தாயோ தந்தையோ சிறை சென்றார் என்று அது அறிந்தால், தானே வீட்டைக் கலைத்துவிட்டதாக எண்ணி, இனி எந்த ஆசிரியையிடமும் எந்த மருத்துவரிடமும் வாய் திறக்காது. ஆகையால் பெற்றவருக்கு எதிரான சாட்சியாகப் பிள்ளையைப் பயன்படுத்தாதே. பள்ளியில் யாரோடு விளையாடுவாய், ராத்திரி யாரோடு படுத்துக்கொள்வாய், பயமாக இருந்தால் யார் வீட்டுக்கு ஓடுவாய் என்று கேள். மூன்றாம் கேள்விக்கு வரும் பெயரைக் குறித்துக்கொள். அந்தப் பெயர் உனக்கு மறுநாள் தேவைப்படும்.

காக்கி உடுப்போடு போகாதே என்று விதியே சொல்கிறது. பிள்ளைகளோடு பேசும் காவலர் இயன்றவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும். இந்த மாவட்டத்துச் செங்கற்சூளை ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வசிக்கும் இருளர் குடியிருப்புகளில் இவ்விதி உயிருக்கு நிகரானது. செய்யாத களவுக்குக் காவல் நிலையம் சென்று திரும்பிய தகப்பன்மாரை அவர்கள் பரம்பரையாகக் கண்டவர்கள். உடுப்பைக் கண்ட மாத்திரத்தில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் மறைந்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று நீ முடிவு கட்டிவிடக் கூடாது.

பிள்ளையை எடுத்துக்கொண்டு வருவதா, விட்டுவருவதா என்பது அடுத்த சங்கடம். அடியின் தழும்பு, பட்டினி, வீட்டில் போதைப்பொருள் விற்பனை, அந்நியர் வந்துபோகும் நடமாட்டம், ஊசி பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் கிடப்பது, பிள்ளையையே பொட்டலம் சுமக்க அனுப்புவது, நினைவிழந்த பெற்றவரைத் தவிர வீட்டில் வேறு பெரியவர் இல்லாதது என்று இவற்றில் எது இருந்தாலும் தயங்காமல் அழைத்து வா. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்து. குடும்பம் உயர்ந்தது என்ற கொள்கையைச் சொல்லிக்கொண்டு ஆபத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வருவதும் துரோகமே. ஆனால் இவை யாதொன்றும் இன்றி, குடிசை அழுக்காயிருக்கிறது, தாய் தள்ளாடுகிறாள், பக்கத்தில் பாட்டி இருக்கிறாள் என்றால், பாட்டியைத் தேடு. சித்தி, அத்தை, மாமன் என்று நம் ஜனங்களிடம் இன்னும் வற்றாத உறவுகள் இருக்கின்றன. அவர்களைக் குழுவின் முன் அழைத்துவருகிற சிரமத்துக்குச் சோம்பி, ‘இல்லத்தில் சேர்த்தாயிற்று’ என்று எழுதி முடிப்பது எளிது. வறிய குடும்பத்திலேயே பிள்ளை வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை தரும் மிஷன் வாத்சல்யா திட்டத்தைப் பற்றி அந்தப் பாட்டிக்கு யார் சொல்வார்கள்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவளை நீயே அழைத்துப் போ.

இல்லம் என்றால் எல்லாம் பத்திரம் என்று எண்ணுபவருக்கு இந்த ஊரிலேயே ஓர் ஆறாத சம்பவம் இருக்கிறது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான். அவனைத் தாக்கியதாக அங்குள்ள ஊழியர்கள் கைதானார்கள். அவன் களவுக் குற்றம் சாட்டப்பட்டு வந்தவன். நீ அழைத்துவரும் பிள்ளைகள் செல்லும் இல்லம் வேறு வகை. எனினும் அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு இவ்வில்லங்களை ஆராயச் செய்யவேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது என்பதை, ஒரு பிள்ளையை வாகனத்தில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள். சேர்த்ததோடு உன் பங்கு தீர்ந்ததென்று கொள்ளாதே. குழு சமூக விசாரணைக்கு உத்தரவிட்டால் 15 நாளில் அது முடிய வேண்டும்; முதன்முறை நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு ஆக வேண்டும். தேதிகளை நாட்குறிப்பில் எழுதி வைத்துக் கேட்டுக்கொண்டிரு. கேட்பவர் இல்லாத கோப்பு நகர்வதில்லை.

பெற்றவர் திருந்துவார்களா என்று கேட்பாய். திருந்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். திரும்பவும் விழுந்து, மறுபடி எழுந்தவர்களை அதனினும் அதிகம் கண்டிருக்கிறேன். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியபோது, குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, அச்சிகிச்சையில் நோயாளியின் குடும்பத்தாரும் சேர்ந்தே அமர வேண்டும் என்பது இங்கே பலருக்குப் புதிய செய்தி. இன்று அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவும், ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் ஏற்பட்டுவிட்டன. 14446 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதால் ஒருவரும் போவதில்லை. எந்தக் கிழமை, எந்த அறை, எந்த மருத்துவர், போகும்போது பிள்ளை யாரிடம் இருக்கும், அன்றைக் கூலிக்கு என்ன வழி என்பதுவரை பேசி முடித்தால்தான் மதுராந்தகத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ ஒரு பெண் பஸ் ஏறி வருவாள்.

பத்திரிகைக்காரர்கள் உன்னை அணுகுவார்கள். ‘போதையில் தாய், பட்டினியில் பிள்ளை’ என்ற தலைப்பு அவர்கள் மனத்தில் தயாராக இருக்கும். பிள்ளையின் பெயர், பள்ளி, முகம், தெரு என்று அடையாளம் காட்டும் எதுவும் வெளிவரலாகாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. தாயின் படத்தைக் கொடுத்தாலும் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகவே ஆகும், ஏனெனில் மாமல்லபுரம் போன்ற சிற்றூரில் தாயை அறிந்தவர் பிள்ளையை அறிவார்கள். நிலையத்துக் கைபேசிக் குழுக்களிலும் அந்த வீட்டின் படங்கள் சுற்றாதபடி பார்த்துக்கொள். இதில் உன் சகாக்களோடு மனத்தாங்கல் வந்தாலும் வரட்டும்.

இறுதியாக, வாகனத்தில் உன் பக்கத்தில் அமர்ந்து வரும் பிள்ளை, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் உன்னிடம் ஒன்றைக் கேட்கும்: ‘அம்மா எப்ப வருவாங்க?’ உனக்குத் தெரியாத தேதியைச் சொல்லாதே. ‘நாளைக்கே வந்துவிடுவாள்’ என்று சமாதானமும் சொல்லாதே. அம்மா இன்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவளுக்கு உடம்பு சரியில்லை, அது உன்னால் வந்ததில்லை, இன்றிரவு நீ படுக்கப்போகும் இடம் இது, அங்கே உனக்குச் சோறு போடுகிறவர் பெயர் இது, நான் மறுபடி உன்னைப் பார்க்க வருவது இன்ன கிழமை என்று, அதற்கு விளங்கும் சொற்களில், ஒவ்வொன்றாகச் சொல். சொன்ன கிழமையில் பாதுகாப்புப் பணி வரும், கடற்கரைக் கோயிலுக்கு யாராவது பிரமுகர் வருவார், விடுப்பு மறுக்கப்படும். அதற்கு முன்பே உன் ஆய்வாளரிடம் அந்த ஒரு மணி நேரத்துக்கு அனுமதி எழுதி வாங்கி வைத்துக்கொள்.

உன் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலன்